3 வருஷமா அதே 27 புள்ளி! சென்னையின் எப்.சி. சறுக்கியது எங்கே?

சென்னை,

2 முறை கோப்பையை தூக்கிய அணி. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தை நீல நிறத்தால் நிரப்பிய அணி. சினிமா நட்சத்திரம் அபிஷேக் பச்சன், கிரிக்கெட் நாயகன் டோனி, தொழிலதிபர் வீட்டா டானி என்று முதலாளிகள் பட்டியலே பளபளக்கும். ஆனால் 2024-25 ஐ.எஸ்.எல். கால்பந்து சீசன் முடிந்தபோது 13 அணிகள் பட்டியலில் சென்னையின் எப்.சி. நின்ற இடம் 11.

24 ஆட்டம். 7 வெற்றி, 6 டிரா, 11 தோல்வி. மொத்தம் 27 புள்ளி. சென்னைக்கு கீழே இருந்தது ஐதராபாத்தும், முதல் முறையாக ஐ.எஸ்.எல்.லுக்கு வந்த கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மட்டும்தான்.

கோச்தான் காரணம் என்றார்கள் சிலர். ராசி இல்லை என்றார்கள் சிலர். காசு இறக்கவில்லை என்று முதலாளிகளை திட்டியவர்களும் உண்டு. இதில் எது நிஜம்? கணக்கை புரட்டிப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

மாறாத 27

முதலில் ஒரு வேடிக்கையான கணக்கு.

2022-23 சீசனில் சென்னை எடுத்தது 27 புள்ளி. 2023-24-ல் எடுத்ததும் 27 புள்ளி. 2024-25-லும் அதே 27. மூன்று வருஷமும் ஒரே நம்பர்!

அப்படியானால் அணி அதே இடத்தில்தான் நிற்கிறதா என்றால், இல்லை. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

2022-23-ல் 11 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 20 ஆட்டம். அதில் 27 புள்ளி எடுத்து சென்னைக்கு கிடைத்தது 8-வது இடம்.

2023-24-ல் பஞ்சாப் அணி சேர்ந்து 12 ஆனது. ஆட்டம் 22. இந்த முறை அதே 27 புள்ளிக்கு 6-வது இடம் கிடைத்தது. முதல் 6 அணிக்கு பிளே-ஆப் வாய்ப்பு உண்டு என்பதால் சென்னையும் உள்ளே நுழைந்தது. கோவாவிடம் 1-2 என்று தோற்று வெளியேறியது என்றாலும், "பரவாயில்லை, ஏறுமுகம்தான்" என்று ரசிகர்கள் மனதை தேற்றிக் கொண்டார்கள்.

2024-25-ல் முகமதன் வந்து அணிகள் 13. ஆட்டம் 24. அதே 27 புள்ளிக்கு கிடைத்தது 11-வது இடம்.

அதாவது 20 ஆட்டத்தில் சம்பாதித்ததை 22-ல் சம்பாதித்தார்கள். பிறகு 24-ல் சம்பாதித்தார்கள். மாதம் 20 நாள் வேலை பார்த்து வாங்கிய கூலியை, 24 நாள் வேலை பார்த்து வாங்கினால் அது முன்னேற்றமா? அதேதான் இங்கேயும். பார்வைக்கு தெரியாமல் மூன்று வருஷமாக அணி கீழே இறங்கிக் கொண்டே இருந்தது. 2023-24-ல் 6-வது இடம் கிடைத்ததால் அந்த இறக்கம் யார் கண்ணிலும் படவில்லை. 2024-25-ல் மற்ற அணிகள் வேகம் எடுத்ததும் குட்டு வெளிப்பட்டது.

2024-25-ல் கடைசி பிளே-ஆப் இடத்தை பிடித்த மும்பைக்கு 36 புள்ளி. சென்னைக்கும் அதற்கும் இடைவெளி 9 புள்ளி. மூன்று வெற்றி தூரம்.

ஆரம்பம் அமர்க்களம்

சீசன் தொடங்கியபோது யாரும் இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. 2024 செப்டம்பர் 14-ந்தேதி புவனேஸ்வரத்தில் ஒடிசாவை அதன் வீட்டிலேயே 3-2 என்று சாய்த்தது சென்னை. அக்டோபரில் கவுகாத்தியில் நார்த் ஈஸ்ட் அணியை அதே 3-2 கணக்கில் வீழ்த்தியது. நவம்பர் 4-ந்தேதி ஜாம்ஷெட்பூரில் 5-1 என்று கோல் மழை!

வெளியூரில் போய் சிங்கம் மாதிரி ஆடிய அதே அணி, உள்ளூரில் என்ன செய்தது? செப்டம்பர் 26-ந்தேதி பெரியமேட்டில் சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம். எதிரே புதுமுகம் முகமதன். ஐ.எஸ்.எல்.லில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி. சென்னை 0-1 என்று மண்ணைக் கவ்வியது. அந்த முகமதன் சீசன் முழுக்க ஜெயித்ததே 2 ஆட்டம்தான். அதில் ஒன்றை சென்னை தாரை வார்த்துக் கொடுத்தது.

அடுத்து உள்ளூரில் ஐதராபாத்துடன் 0-0. அந்த ஐதராபாத்தும் கடைசியில் 12-வது இடம் பிடித்த அணிதான். பலமான அணிகளிடம் தோற்றால் யாரும் கேட்க மாட்டார்கள். கடைசி 2 இடத்தில் இருந்த அணிகளிடம் சொந்த ஊரில் 6 புள்ளி எடுக்க வேண்டிய இடத்தில், அந்த முதல் 2 உள்ளூர் ஆட்டங்களில் எடுத்தது 1 புள்ளி.

நவம்பரில் விழுந்த அடி

ஜாம்ஷெட்பூரில் 5 கோல் அடித்த கையோடு சென்னை வந்தது அணி. நவம்பர் 9-ந்தேதி மும்பையிடம் 0-1. நவம்பர் 24-ந்தேதி கொச்சியில் கேரளாவிடம் 0-3. நவம்பர் 30-ந்தேதி கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 0-1. டிசம்பர் 7-ந்தேதி மறுபடி சொந்த ஊரில் ஈஸ்ட் பெங்காலிடம் 0-2.

தொடர்ந்து 4 ஆட்டம். 4 தோல்வி. அடித்த கோல் பூஜ்யம்.

ஒரே ஆட்டத்தில் 5 கோல் போட்ட அணியால் அடுத்த 4 ஆட்டத்தில் ஒரு கோல்கூட போட முடியவில்லை. கால்பந்தில் 5-1 என்று ஜெயித்தாலும் 3 புள்ளி, 1-0 என்று ஜெயித்தாலும் 3 புள்ளிதான். கல்யாண வீட்டில் ஒரே நாளில் விருந்து சாப்பிட்டுவிட்டு வாரம் முழுக்க பட்டினி கிடந்த கதை ஆகிவிட்டது. சீசனின் கடைசி ஆட்டத்தில் 2025 மார்ச் 9-ந்தேதி அதே ஜாம்ஷெட்பூரை 5-2 என்று மறுபடி புரட்டி எடுத்தார்கள். ஜாம்ஷெட்பூர் 5-வது இடம் பிடித்த அணி! திறமை இல்லாமல் இதை செய்ய முடியாது. திறமை இருந்தது, அது வாரா வாரம் வரவில்லை. அதுதான் குறை.

கையில் கிடைத்தது வாய்க்கு எட்டவில்லை

2025 ஜனவரியில் நடந்ததுதான் ரசிகர்களை ரொம்பவே கொதிக்க வைத்தது.

ஜனவரி 9-ந்தேதி ஒடிசாவுக்கு எதிராக பெரியமேட்டில் 2-0 என்று முன்னிலை. கடைசி நேரத்தில் 2 கோல் வாங்கி 2-2 டிரா. சரி, ஒரு முறை நடந்துவிட்டது என்று விட்டுவிடலாம். 6 நாள் கழித்து ஜனவரி 15-ந்தேதி கொல்கத்தாவில் முகமதனுக்கு எதிராக மறுபடி 2-0. மறுபடி கடைசி நேரத்தில் 2 கோல். மறுபடி 2-2.

ஒரே வாரத்தில் 4 புள்ளி காற்றில் போனது. கடைசி இடம் பிடித்த முகமதனிடம் இரண்டு ஆட்டத்தில் 6 புள்ளிக்கு சென்னை எடுத்தது வெறும் 1.

"அந்த 4 புள்ளி மட்டும் கிடைத்திருந்தா..." என்று டீக்கடையில் பேசுவது சுலபம். கூட்டிப் பார்ப்போம். 27 உடன் அந்த 4. முகமதனிடம் சொந்த ஊரில் இழந்த 3-ஐயும் சேர்த்துக் கொள்வோம். மொத்தம் 34. அப்போதும் மும்பையின் 36-ஐ தொட முடியாது!

ஆகவே ராசி, கெட்ட நேரம் என்று சொல்வதெல்லாம் பாதி உண்மைதான். முன்னிலையை காப்பாற்றத் தெரியாததும், கோல் வறட்சியும் சேர்ந்தே அணியை கவிழ்த்தன.

இதைவிட மோசமான வருஷம் உண்டு

சென்னை ரசிகர்களுக்கு இந்த வலி புதிது அல்ல. 2018 மார்ச் 17-ந்தேதி பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். இறுதி ஆட்டத்தில் பெங்களூருவை 3-2 என்று சாய்த்து சென்னை கோப்பையை தூக்கியது. பிரேசில் வீரர் மெய்ல்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டி 2 கோல் போட்டார். ஊரே கொண்டாடியது.

அடுத்த சீசன் என்ன ஆனது? 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 புள்ளி. 10 அணிகளில் 10-வது இடம். சாம்பியன் அணி கடைசி அணி ஆனது. கோச் அதே ஜான் கிரிகோரிதான்.

அப்போதும் இதே வியாதிதான். 2018 அக்டோபரில் நார்த் ஈஸ்டுக்கு எதிராக உள்ளூரில் 3-1 என்று முன்னிலையில் இருந்த ஆட்டத்தை 3-4 என்று கோட்டை விட்டார்கள். நைஜீரியா வீரர் ஓக்பேச்சே தனி ஆளாக 3 கோல் போட்டுவிட்டு போனார். வியாசர்பாடி மண்ணின் மைந்தன் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தால் அந்த சீசன் முழுக்க களம் இறங்க முடியவில்லை. நடுக்களத்தில் அவர் இல்லாத ஓட்டை கடைசி வரை அடைபடவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த சீசனில் சென்னை ஜெயித்த 2 ஆட்டத்தில் ஒன்று, 2019 பிப்ரவரி 9-ந்தேதி பெங்களூருவுக்கு எதிராக 2-1 என்று கிடைத்தது. அந்த வருஷம் கோப்பை வாங்கியது அதே பெங்களூருதான்!

விழுந்த அணி எழுந்ததும் உண்டு. 2019 கடைசியில் கிரிகோரி விலக, ஸ்காட்லாந்து கோச் ஓவன் கோய்ல் வந்தார். கீழே கிடந்த அணியை தூக்கி நிறுத்தி 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை கொண்டு போனார். லிதுவேனியா வீரர் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். கொரோனா பயத்தால் ஆளே இல்லாத கோவா ஸ்டேடியத்தில் 1-3 என்று ஏ.டி.கே.விடம் தோற்றாலும் சென்னை தலை நிமிர்ந்தது.

அதே கோய்ல்தான் 2023-ல் மறுபடி வந்தார். 2024-25-ல் அணி 11-வது இடத்தில் முடிந்தபோதும் அவர்தான் கோச். ஒரே ஆள்தான், ஒரு தடவை தூக்கி விட்டார், ஒரு தடவை தூக்க முடியவில்லை. ஆக, கோச்சை மட்டும் குற்றவாளி கூண்டில் ஏற்றுவது நியாயம் ஆகாது.

முதலிடம் பிடித்த அணி எங்கே?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

சென்னையின் எப்.சி. கடைசி இடம் பிடித்த அதே 2018-19-ல், தமிழ்நாட்டின் இன்னொரு அணி இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. அது சென்னை சிட்டி எப்.சி. கோவையில் நேரு ஸ்டேடியத்தை சொந்த களமாக வைத்து ஐ-லீக்கில் ஆடியது. 2019 மார்ச் 9-ந்தேதி மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வீழ்த்தி சாம்பியன் பட்டம் வென்றது. 43 புள்ளி. கொல்கத்தாவின் ஜாம்பவான் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளியுடன் இரண்டாவது. ஸ்பெயின் வீரர் பெட்ரோ மான்சி 21 கோல் குவித்தார்.

அந்த அணியில் ஆடிய தமிழ்நாட்டு பசங்களுக்கு அடுத்தடுத்து கதவு திறந்தது. எட்வின் வான்ஸ்பால் சென்னையின் எப்.சி.க்கு வந்தார். அலெக்சாண்டர் ரொமாரியோ கோவாவுக்கு போனார். அஜித்குமார் பெங்களூருவுக்கு போனார்.

ஒரு அணி முதலிடம், இன்னொரு அணி கடைசி இடம். பிழைத்தது எது? கடைசி இடம் பிடித்த அணிதான்! சாம்பியன் சென்னை சிட்டி 2020-21 சீசனுக்கு பிறகு ஐ-லீக்கில் ஆடவே இல்லை.

இதில் இருந்து என்ன தெரிகிறது? இந்திய கால்பந்தில் ஒரு கிளப் உயிரோடு இருக்குமா, இருக்காதா என்பதை புள்ளிப் பட்டியல் முடிவு செய்வதில்லை. பணப்பெட்டிதான் முடிவு செய்கிறது. 2024-25 வரை ஐ.எஸ்.எல்.லில் கடைசி இடம் வந்தாலும் கீழ் பிரிவுக்கு இறக்கும் வழக்கம் கிடையாது. இங்கிலாந்தில் கடைசி 3 இடம் வந்தால் வேட்டிதான். இங்கே அந்த பயம் இருந்ததில்லை. மோசமான சீசனுக்கு தண்டனையும் இருந்ததில்லை, நல்ல சீசனுக்கு உத்தரவாதமும் இருந்ததில்லை.

களத்துக்கு வெளியே விழுந்த இடி

அது 2025-ல் அப்பட்டமாக தெரிந்தது.

ஐ.எஸ்.எல். போட்டியை நடத்திய ரிலையன்ஸ் தரப்பு நிறுவனத்துக்கும், இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் 2010-ல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ந்தேதி முடிவதாக இருந்தது. அதன்படி சம்மேளனத்துக்கு வருஷத்துக்கு ரூ.50 கோடி கிடைத்து வந்தது. புது ஒப்பந்தம் பேசி முடிக்கவில்லை. "எங்களுக்கு தெளிவு இல்லை, போட்டியை நிறுத்தி வைக்கிறோம்" என்று 2025 ஜூலையில் நடத்தும் நிறுவனம் கைவிரித்துவிட்டது.

அடுத்த மாதமே அடி சென்னையில் விழுந்தது. 2025 ஆகஸ்டில் சென்னையின் எப்.சி. தனது முதல் அணியின் பணிகளை நிறுத்தி வைத்தது. பெங்களூரு கிளப்பும் வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக சொன்னது.

11-வது இடம் வந்ததற்கு கொதித்த ரசிகர்களுக்கு, அணியே இருக்குமா என்ற கவலை வந்துவிட்டது.

விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. போட்டியை நடத்த புது ஆள் தேடி டெண்டர் விட்டார்கள். 2025 நவம்பரில் கெடு முடிந்தபோது ஒரு நிறுவனம்கூட விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் மத்திய விளையாட்டு மந்திரி தலையிட்டு, 2026 ஜனவரியில் அறிவிப்பு வெளியிட்டார். பிப்ரவரி 14-ந்தேதி 14 அணிகளோடு போட்டி தொடங்கியது. ஆனால் 91 ஆட்டம் மட்டுமே. ஒரு அணியுடன் ஒரே ஒரு முறை மோதல். அதாவது 2024-25-ல் 24 ஆட்டம் ஆடிய அணிக்கு, 2025-26-ல் 13 ஆட்டம்தான்.

இதற்கிடையே 2025 அக்டோபரில் கோவாவில் நடந்த சூப்பர் கோப்பையில் புது கோச் கிளிபோர்ட் மிராண்டா தலைமையில் சென்னை இறங்கியது. மோகன் பகானிடம் 0-2. ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. ஆகஸ்டில் வேலையை நிறுத்தி வைத்த அணி அக்டோபரில் என்ன செய்துவிட முடியும்?

யாருக்கு நஷ்டம்?

முதலாளிகளுக்கு நஷ்டம்தான். ஆனால் அவர்களுக்கு வேறு தொழில் இருக்கிறது. வெளிநாட்டு வீரர்கள் பெட்டியை கட்டிக் கொண்டு வேறு நாட்டு கிளப்புக்கு போய்விடலாம்.

ஆனால் வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் பந்தை உதைக்கும் பையன் எங்கே போவான்? "குட்டி பிரேசில்" என்று பெயர் வாங்கிய பகுதி அது. கூலித்தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகள் கால்பந்தை பிடித்து மேலே வந்த கதைகள் அங்கே தெருவுக்கு தெரு உண்டு. தூத்தூர் கடற்கரை கிராமங்களிலும் அதே கதைதான். இவர்களுக்கு தெரிந்த வழி ஒன்றுதான். பள்ளி அணி, மாவட்ட லீக், பிறகு ஏதாவது ஒரு தொழில்முறை கிளப். அந்த கிளப்பே ஆட்டம் கண்டால் ஏணியின் மேல் படி உடைந்த மாதிரி.

ஒரு கால்பந்து வீரரின் உழைப்புக்காலம் 10, 12 வருஷம். அதில் ஒரு சீசன் 24-ல் இருந்து 13 ஆட்டமாக சுருங்கினால், முதல் 11 பேருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளம் வீரருக்கு களம் இறங்கும் வாய்ப்பே கிடைக்காமல் போகலாம். போன வருஷம் திரும்பி வராது.

ஸ்டேடியம் வாசலில் பனியன், கொடி விற்பவர், சுண்டல் விற்பவர், ஆட்டம் முடிந்து கூட்டத்தை சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் ஏற்றிப் போகும் ஆட்டோக்காரர். இவர்களுக்கு அணி ஜெயித்தாலும் தோற்றாலும் பிழைப்பு உண்டு. ஆட்டமே இல்லை என்றால்தான் பிழைப்பு இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

கணக்கு சொல்லும் பாடம் மூன்று.

ஒன்று, 5 கோல் அடித்து ஒரு நாள் ஜெயிப்பதைவிட 1-0 என்று ஐந்து நாள் ஜெயிக்க பழக வேண்டும். கடைசி 15 நிமிடத்தில் பந்தை எப்படி காப்பது என்பதற்கு தனி பயிற்சி தேவை. 2018-ல் வந்த வியாதி 2025-லும் தீரவில்லை.

இரண்டு, சொந்த ஊரில் சின்ன அணிகளிடம் கோட்டை விடக் கூடாது. டிக்கெட் வாங்கி, ஒரு வேளை கூலியை விட்டுவிட்டு வரும் ரசிகனுக்கு முகமதனிடம் தோற்பதை பார்க்க என்ன தலையெழுத்து?

மூன்று, உள்ளூர் பசங்களை வளர்ப்பது. இது தர்மம் அல்ல, பிழைக்கும் வழி. காசு இறுக்கும் காலத்தில் வெளிநாட்டு நட்சத்திரங்களை வாங்க முடியாது. அப்போது கை கொடுப்பது பக்கத்து தெரு பையன்தான். சென்னை சிட்டி அணி தமிழ்நாட்டு பசங்களை வைத்து ஜெயித்துக் காட்டியது. அதன் பணப்பெட்டிதான் தோற்றது, பசங்க தோற்கவில்லை.

11-வது இடத்தில் இருந்து எழுந்து வர ஒரு நல்ல சீசன் போதும். 2020-ல் அதை கண்ணால் பார்த்தாச்சு. ஆனால் சீசனே நடக்குமா என்று வருஷா வருஷம் கோர்ட்டு வாசலை பார்த்துக் கொண்டிருந்தால் எந்த கோச் வந்தும் பிரயோஜனம் இல்லை.

கிளப்பின் பெயரே "சென்னையின்". முதலாளிகள் மாறலாம், கோச் மாறலாம், ஒப்பந்தம் மாறலாம். அந்த பெயருக்கு நிஜமான சொந்தக்காரன் கேலரியில் தொண்டை கிழிய கத்துகிறவனும், முல்லை நகரில் வெறும் காலோடு பந்தை துரத்துகிறவனும்தான். அவர்கள் கேட்பது கோப்பை அல்ல. வருஷா வருஷம் ஒழுங்காக ஒரு சீசன்.